தீர்ந்ததாகக் கருதப்பட்ட புகார்

புதுக் கணினி வாங்கிவந்த அன்றே பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்த படிப்பாளி, மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பின்னால் வந்த வினை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது.

"நான் பாத்துக்கறேன்."

படிப்பாளி என்பது அவர் பெயரில்லை. மைக்செட் வாடகைக்கு விடும் அவருடைய மைத்துனன் வைத்த பட்டம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது படிப்பாளியின் தொழில். பகலெல்லாம் பிறர் எழுதியதைக் காலும் கொம்புமாகப் பார்த்துத் திருத்துவார். அந்தக் களைப்பு தீர மாலையில் வீட்டில் உட்கார்ந்து தடித்த நாவல்கள் படிப்பார். பகலில் கண்டதையும் படிக்க வேண்டியிருப்பதால் வீட்டில் இலக்கியத்தைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார். மருந்துச் சீட்டு, மின்வாரிய அறிவிப்பு, மிக்ஸியோடு வரும் விளக்கப் புத்தகம் இவையெல்லாம் அவர் கண்ணுக்குக் கீழானவை. பேச்சும் குறைவு. கேள்வி கேட்டால் அதை உள்ளே வாங்கி, புரட்டி, நிறுத்துப் பார்த்து, பதிலோடு அவர் வெளியே வருவதற்குள் கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இதை ஆழம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு இதற்கு வேறொரு சொல் இருந்தது. அவள் அதை வெளியே சொல்வதில்லை.

மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறாள். பழைய கணினியில் அவளிடம் ஒரு புரோகிராம் இருந்தது. அளவுகளை உள்ளே கொடுத்தால், கழுத்து, கை, முதுகு என்று ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டு வரைந்து காகிதத்தில் தள்ளும். காகிதங்களை ஒட்டித் துணி மேல் போட்டு வெட்ட வேண்டியதுதான். ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறக்கப்போகிறது. நர்சுகள் அத்தனை பேருக்கும் புதுச் சீருடை. அந்த வேலை அவளுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு நர்சையும் நிற்க வைத்து அளந்து, அளவையெல்லாம் புரோகிராமுக்குள் போட்டு முடித்த மறுநாள்தான் பழைய கணினி ஒரு முறை விக்கிவிட்டு அடங்கியது. திறப்பு விழாவுக்குள் தைத்துக் கொடுக்கவில்லை என்றால் ரெடிமேட் கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று மேட்ரன் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

அடங்கிய கணினியிலிருந்து புரோகிராமையும் அளவுகளையும் கடைக்காரர் உதவியோடு பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார் படிப்பாளி. அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேறு நிறைய இருந்தது.

புதுக் கணினியை அவர் கையாலேயே அமைத்தார். மேசையில் அடைத்துக்கொண்டிருந்த சாமான்களைக் கீழே தள்ளி, துணி போட்டு மூடி, மூடியதன் மேல் தன் நாவல்களை அடுக்கினார். சுவரில் ஒரு பிளக் மிச்சமானது. அதில் தன் படிப்பு விளக்கை மாட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக விளக்கும் நாவலும் கணினியும் ஒரே மேசையருகே அமைந்ததில் அவருக்கு ஒரு நிறைவு. பிறகு பென்டிரைவைச் செருகி, புரோகிராமை இரண்டு தட்டுத் தட்டினார்.

ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு எண். அதன் கீழே பொடி எழுத்தில் ஏதோ சில வரிகள். அடியில் 'சரி' என்று ஒரு பட்டன். படிப்பாளி 'சரி'யை அழுத்தினார். பெட்டி போய்விட்டது. புரோகிராமும் போய்விட்டது.

"என்னங்க சொல்லுது?" என்றாள் மனைவி, பின்னால் நின்று.

"பிழைன்னு சொல்லுது."

"என்ன பிழை?"

அவர் யோசித்தார்.

"பிழைதான்," என்றார்.

அன்று முழுக்க அவர் கணினியோடு மல்லுக்கட்டினார். இது பழைய கணினிதான் என்று புதுக் கணினியை நம்பவைக்க ஒரு வசதி உண்டு என்று அச்சகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்து அழுத்தினார். கணினி உடனே நம்பிவிட்டது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு வீங்கியது, நிறங்கள் வெளுத்தன, பெட்டி மட்டும் அப்படியே வந்தது. 'நிர்வாகியாக இயக்கு' என்று இன்னொன்று இருந்தது. சொந்த வீட்டில் ஒரு நாளும் கிடைக்காத பதவி. அதையும் ஏற்றுக்கொண்டார். நிர்வாகிக்கும் அதே பெட்டிதான் வந்தது. அவர் விடாமல் தட்டுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட வைரஸ் காவலன், புரோகிராமைப் பிடித்துத் தனிமைச் சிறையில் போட்டுவிட்டான். அதை ஜாமீனில் எடுப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பெட்டி வந்தது. ஒவ்வொரு முறையும் அது முழுதாக வந்து நிற்பதற்குள் அவர் 'சரி' என்றார். இவ்வளவு விஷயங்களுக்கு அவர் ஒரே நாளில் சரி சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஆம்பிளிஃபையரை இறக்கிவைக்க வந்த மைத்துனன் எட்டிப்பார்த்தான்.

"மாமா, என்ன, கம்ப்யூட்டரோட சண்டையா, சமாதானமா?"

"ஓடமாட்டேங்குது."

"யாரு, கம்ப்யூட்டரா நீங்களா?"

"டேய், சும்மா இருடா," என்றாள் அக்கா. "அவரு பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

அவள் அதை மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். படிப்பாளிக்குக் காது சூடானது.

மறுநாள் அவர் இணக்க உதவி மையத்துக்குப் போன் செய்தார். பழைய புரோகிராம்களும் புதுக் கணினிகளும் ஒன்றோடொன்று இணக்கமாக வாழ வழிசெய்வதற்காகக் கணினிக் கம்பெனியே நடத்தும் மையம் அது. வீணை போலவும் கொசு போலவும் இருந்த ஓர் இசையை நெடுநேரம் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், இணக்க உதவி மையம். உங்க பிழை எண் சொல்லுங்க."

சொன்னார்.

"நன்றி சார். கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க."

"போட்டாச்சும்மா."

"மறுபடி போட்டீங்களா?"

"போட்டேன்."

"மனசாரப் போட்டீங்களா சார்?"

இந்தக் கேள்வி படிப்பாளியைத் தடுமாற வைத்தது. நேர்மையாகப் பார்த்தால், எரிச்சலோடுதான் போட்டிருந்தார்.

"இப்ப போட்டுப் பாக்கறேன்," என்றார். மனதைத் தூய்மைப்படுத்திக்கொண்டு அணைத்துப் போட்டார். பெட்டி வந்தது. 'சரி' என்றார்.

"வரலம்மா."

"ஓகே சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியே வராதபோது வேறு உதவி என்பது எதைக் குறிக்கும் என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். பாதி யோசனையில் இருக்கும்போது அந்தக் குரல் கனிவாகச் சொன்னது.

"உங்க மௌனத்துக்கு நன்றி சார். புகார் தீர்ந்ததா எடுத்துக்கறோம். இந்த நாள் இனிய நாளாகட்டும்."

போன் வைக்கப்பட்டது. உடனே ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்.'

அவர் மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை யோசிக்கக் கூடாது என்று முடிவோடு இருந்தார். ஆனால் 'எங்கள் சேவையை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டார்கள். ஒரே வார்த்தை என்றால் அவருக்குத் தேர்ந்தெடுக்க நேரம் வேண்டும். இரண்டாம் முறையும் புகார் தீர்ந்தது.

இதை மனைவியிடம் சொன்னபோது, அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்.

"வீட்லயும் அதே கதைதானே. ஏதாவது கேட்டா பேசாம இருப்பீங்க. சரி, ஒத்துக்கிட்டாருன்னு நான் செஞ்சிட்டுப் போயிருவேன். அப்புறம் நாலு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவீங்க. அவங்களாவது நன்றி சொல்றாங்க."

மைத்துனனின் வண்டியில் கணினியை ஏற்றிக்கொண்டு நேரிலேயே போவது என்று முடிவாயிற்று.

மையம் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். வாசலில் 'திறந்த புகார் இல்லாத உலகம்' என்று எழுதியிருந்தது. உள்ளே வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை. ஒவ்வொரு திரையின் கீழ்ப்பாதியிலும் ஓர் அட்டையை ஒட்டி மறைத்திருந்தார்கள். அது வெயிலுக்காக இருக்கும் என்று படிப்பாளி நினைத்தார்.

அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஆய்வாளர் கணினியைத் தன் மேசைத் திரையோடு இணைத்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு மணியை அடித்தார். மையத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?" என்று மைத்துனன் மெதுவாகக் கேட்டான்.

"ரீஸ்டார்ட்," என்றார் ஆய்வாளர், தலைகுனிந்தபடியே.

கணினி அணைந்து, யோசித்து, மறுபடி விழித்துத் தன் இசையை எழுப்பும்வரை யாரும் அசையவில்லை. இசை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, எவ்ளோ அழகா வருது," என்றார் ஆய்வாளர். "பாதிப் பேருக்கு இதுலயே மனசு லேசாகிடும். வீட்டுக்குப் போயிடுவாங்க."

புரோகிராமைத் தட்டினார். பெட்டி வந்தது. அட்டைக்கு மேலே எண் மட்டும் தெரிந்தது. அவர் எண்ணைப் பார்த்தார். தன் கணினியில் அதைத் தேடினார். "அணைச்சுப் போடணும்னு இருக்கு," என்றார். மறுபடி மணி அடித்தார். மறுபடி எல்லோரும் எழுந்தார்கள். மைத்துனனும் இந்தத் தடவை தானாக எழுந்து நின்றான்.

இப்படிச் சில முறை மரியாதை நடந்த பிறகு மைத்துனன் கேட்டான். "சார், அந்த அட்டை எதுக்கு?"

ஆய்வாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெட்டியில எண்ணுக்குக் கீழ ஏதோ எழுதியிருக்கும் தம்பி. நாங்க அதைப் படிக்கறதில்ல. படிச்சா மனசு ஒரு பக்கமாச் சாஞ்சிடும். எண் அப்படி இல்ல. எண்ணுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. போன வருஷம் ஒருத்தன் வேலைக்குச் சேந்தான். நல்ல பையன்தான், ஆனா படிக்கற பழக்கம். அட்டையத் தூக்கித் தூக்கிப் பாப்பான். ஒரு நாள் என்னாச்சு தெரியுமா? சில புகார் நிஜமாவே தீந்துபோச்சு."

"அய்யய்யோ," என்றான் மைத்துனன்.

"அந்த ஆளுங்கல்லாம் அப்புறம் போனே பண்ணல. எங்க மாசாந்திர அழைப்பு எண்ணிக்கை அப்படியே விழுந்துபோச்சு. மேலிடத்துலேந்து விளக்கம் கேட்டாங்க. அவனை கேன்டீனுக்கு மாத்திட்டோம். அங்கயும் பால் பாக்கெட்ல இருக்கற தேதியப் படிச்சிட்டிருக்கான்னு கேள்வி."

மைத்துனன் படிப்பாளியைத் திரும்பிப் பார்த்தான். படிப்பாளி ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகளில் இருக்கும் உரைநடை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ரசனையுள்ள எவரும் அதைப் படிக்க மாட்டார்கள். இந்த மையத்தில் தன்னைப் போன்ற தேர்ந்த வாசகர்கள் இருப்பதாக அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

ஆய்வாளருக்கு மேலே இயக்குநர் இருந்தார். அவர் அறை பெரியது, குளிர்ந்தது. மேசையில் ஒரு பூச்சாடியைத் தவிர வேறொன்றுமில்லை. படிப்பாளியை உட்காரவைத்து, அவருடைய பழைய அழைப்புகளின் பதிவைத் தன் திரையில் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"இதுல மௌனத்தைத் தவிர ஒண்ணுமே இல்லையே சார்! நான் இந்த மையத்துக்கு வந்ததுலேந்து ஒரு உண்மையக் கண்டுபிடிச்சேன். பேசறவங்க புகார் எல்லாம் திறந்தே கிடக்கு. பேசாதவங்க புகார் எல்லாம் மூடியிருக்கு. அப்ப புகாருக்குக் காரணம் என்ன? பேச்சு! ஜனங்க வாயை மூடிட்டா இந்த உலகத்துல ஒரு மெஷினும் கெட்டுப்போகாது. நான் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல. அப்ப அது சரின்னுதானே அர்த்தம்?"

படிப்பாளி இதற்கு மறுப்பாக நல்ல ஒரு வாக்கியத்தை அமைக்கத் தொடங்கினார். எழுவாய் வரை வந்துவிட்டார்.

"பாத்தீங்களா, இப்பவும் பேசல! சார், எங்க ஆண்டு விழா வருது. இந்த வருஷத்தோட மிகத் திருப்தியான வாடிக்கையாளர் நீங்கதான். மேடையில கேடயம் குடுக்கறோம். உங்க கம்ப்யூட்டரை மேடையிலயே வெச்சு, எல்லாரும் பாக்க, நானே என் கையால உங்க புகாரைத் தீத்துக் காட்டறேன். வந்துடுவீங்கல்ல?"

தீர்த்துக் காட்டுகிறேன் என்ற சொல்லில் படிப்பாளி விழுந்தார். மற்றதெல்லாம் அவர் காதில் நிற்கவில்லை. கணினியை மையத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். "சரியாயிடுச்சா?"

"எனக்குக் கேடயம் குடுக்கறாங்களாம்."

"எதுக்கு?"

"நான் திருப்தியா இருக்கேனாம்."

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டினாள்.

"மேட்ரன் காலைல வந்தாங்க," என்றாள். "வெட்டின துணியக் காட்டுங்கன்னாங்க. என்னத்தக் காட்டுவேன்? மறுபடி எல்லாரையும் வரச்சொல்லி அளவெடுக்கறேன்னு சொன்னேன். அவங்களுக்கு டூட்டி இருக்காதா? ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தி நின்னுக்கிட்டே தூங்கறா. இந்த வேலை போச்சுன்னா இனிமே அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கூட நான் நிக்க முடியாது. நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க. நான் நம்பினேன். அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கத்தரிக்கோலைக் கூர் பார்த்தாள். ஒரு வார்த்தை கிடையாது. மையத்தின் கணக்குப்படி பார்த்தால் அந்த நாட்களில் அந்த ஊரிலேயே அவளைவிட மகிழ்ச்சியாக யாருமில்லை. படிப்பாளிக்கு முதல்முறையாக மௌனத்தின் மறுபக்கத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கொஞ்சமும் ஆழம் இல்லை. ஒரே புழுக்கமாக இருந்தது. நாவலைத் திறந்தார். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார்.

ஆண்டு விழாவுக்கு மைக்செட்டும் பெரிய திரையும் மைத்துனனுடையது. "அக்கா, நீயும் வா. கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டறாங்களாம். ஓடிச்சுன்னா அங்கேந்தே தூக்கிட்டு வந்துடலாம்," என்று அவன்தான் வற்புறுத்தி அவளை அழைத்துவந்தான். அவள் முன்வரிசையில், கைப்பைக்குள் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். திறப்பு விழா நெருங்கிவிட்டது. இது ஓடவில்லை என்றால் வேறு வழியில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

இயக்குநர் பேசினார். மையம் தொடங்கியதிலிருந்து ஒரு புகார்கூடத் திறந்த நிலையில் ஆண்டு முடிவைக் கண்டதில்லை என்றார். சில எதிரிகள், புகார் தீர்வது வேறு, மூடுவது வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். "கதவைத் திறந்து வெச்சாதானே காத்து வருது, தூசு வருது, ஜனங்க வர்றாங்க? மூடுங்க! எவ்ளோ சுத்தமா இருக்குன்னு பாருங்க!" கைதட்டல் எழுந்தது.

பிறகு படிப்பாளி மேடைக்கு அழைக்கப்பட்டார். அவர் கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். மணி அடித்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. ரீஸ்டார்ட் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், இயக்குநர் மவுசைக் கையில் எடுத்துக்கொண்டு புரோகிராமைத் தட்டினார்.

பெட்டி வந்தது.

அது மைத்துனனின் திரை. அதில் அட்டை ஒட்டவில்லை. பெட்டி ஒரு வீட்டுச் சுவர் அளவு வந்து நின்றது. படிப்பாளியின் சுட்டுவிரல் தானாக 'சரி'யைத் தேடி அசைந்தது. ஆனால் மவுஸ் இயக்குநரின் கையில் இருந்தது.

"இதோ எண்," என்றார் இயக்குநர் மைக்கில். "இந்த எண்ணுக்கு நாம செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. இப்ப பாருங்க. சார், வேற ஏதாவது உதவி வேணுமா?"

சொல்லிவிட்டு மைக்கைப் படிப்பாளியின் வாய்க்குக் கீழே பிடித்தார். மேடை ஓரத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். குறிப்பிட்ட நேரம் மௌனம் நீடித்தால் புகார் மூடப்படும், கேடயம் தரப்படும்.

படிப்பாளிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இயக்குநரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மனைவியைப் பார்க்கத் தைரியமில்லை. மிச்சமிருந்தது திரை. வேறு போக்கிடமில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் ஒரு பிழைப் பெட்டியைப் படித்தார்.

'இந்தப் புரோகிராம் திறக்கும்போதே பிரிண்டர் இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் கணினியோடு பிரிண்டர் எதுவும் இணைக்கப்படவில்லை. பிரிண்டரை இணைத்துவிட்டு மறுபடி திறக்கவும். உங்கள் வேலை தடைபட்டதற்கு வருந்துகிறேன்.'

அவர் மறுபடி படித்தார். எழுவாய் இருக்கும் இடத்தில் எழுவாய் இருந்தது. மிகையான ஒரு சொல் இல்லை. வருந்துகிறேன் என்று ஒருமையில் இருந்தது. எங்கேயோ உட்கார்ந்து இந்தப் புரோகிராமை எழுதிய யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள் யாருக்கோ இப்படி ஆகும் என்று முன்னாலேயே நினைத்துப் பார்த்து, அவருக்காக வருந்தி, செய்ய வேண்டியதையும் சொல்லி வைத்திருக்கிறார். இத்தனை நாளாக அந்த மனிதர் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'சரி, சரி' என்று முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார் இவர். ஆயிரம் பக்க நாவல்களில் தெளிவான எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் பக்கத்தில், இந்த நாலு வரி நின்று நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

மௌனம் முடியக் கொஞ்சமே இருந்தது. கடிகாரக்காரர் கையை உயர்த்திவிட்டார்.

"இந்தாம்மா," என்றார் படிப்பாளி.

மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையில் மனைவி நிமிர்ந்தாள்.

"நம்ம பிரிண்டர் எங்க?"

பல நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது.

"உங்க புக்குக்கு அடியிலங்க! துணி போட்டு மூடி அது மேலதானே அடுக்கி வெச்சிருக்கீங்க!"

"அதோட வயரு?"

"அதைப் புடுங்கிட்டுத்தான் உங்க படிக்கற லைட்டை மாட்டினீங்க! ஏன், என்னாச்சு?"

அரங்கம் சிரித்தது. படிப்பாளி சுவரளவு நின்ற எழுத்துகளைக் கையால் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் படிக்கத் தொடங்கினார்கள். முணுமுணுப்பு பரவியது. மையத்து ஊழியர்கள் சிலரும் படித்துவிட்டார்கள். அவர்களை இனி எங்கே மாற்றுவது என்று தெரியாமல் ஆய்வாளர் ஓடிவந்து, இரண்டு கைகளையும் விரித்து, திரையின் கீழ்ப்பாதியைத் தன் உடம்பால் மறைக்க முயன்றார். எழுத்துகள் அவர் சட்டை மேல் விழுந்தன. 'வருந்துகிறேன்' சரியாக அவர் நெற்றியில் வந்து நின்றது.

"சார், பேசாதீங்க," என்று இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதுவும் மைக்கில் கேட்டது. "நீங்க பேசினா புகார் மூடாது. மூடலைன்னா கேடயம் குடுக்க முடியாது. இந்த வருஷக் கணக்கே போயிடும் சார்."

அரங்கத்தின் கடைசியில், டீத் தட்டோடு நின்றிருந்த ஒரு ஆள் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினான்.

மைத்துனன் மேடை ஏறி, தன் ஒயர்களைப் பிடுங்கி, கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "மாமா, வாங்க. அக்கா, நீயும் ஏறு."

வீட்டுக்கு வந்ததும் நாவல்களை ஒவ்வொன்றாக இறக்கினார் படிப்பாளி. துணியை எடுத்தார். பிரிண்டர் மேல் நாவல் அட்டையின் தழும்பு பதிந்திருந்தது. விளக்கின் வயரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு பிரிண்டரின் வயரை மாட்டினார். கணினியோடு இணைத்தார். புதுக் கணினி புது ஆளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு ஒப்புக்கொண்டது. மனைவி அவர் தோளுக்கு மேல் குனிந்து நிற்க, புரோகிராமைத் தட்டினார். பெட்டி வரவில்லை. அளவுகள் வந்தன. நர்சுகள் எல்லோரும் பத்திரமாக உள்ளே இருந்தார்கள்.

"ஓடிடுச்சு மாமா!" என்றான் மைத்துனன். "அணைச்சுப் போட்டு நிக்கணுமா?"

"நீ மொதல்ல வெளிய நில்லுடா," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் சிரித்துவிட்டாள். பிரிண்டர் ஒரு முறை முனகி, முதல் கழுத்தை வெளியே தள்ளியது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அளவு நாடாவை எடுத்து ஒரு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு மேட்ரனுக்குப் போன் செய்து, நாளைக்கே வந்து வெட்டின துணியைப் பார்க்கலாம் என்று சொன்னாள்.

பிரிண்டரிலிருந்து காகிதங்கள் விழுந்துகொண்டிருந்தன. விளக்கு போன மூலையில் படிப்பாளி நாவலை விரித்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். எழுத்துகள் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. அப்போது போன் அடித்தது. அதே பெண் குரல். ஆனால் இந்தத் தடவை அதில் கொஞ்சம் அழுகை இருந்தது.

"சார், இணக்க உதவி மையம். உங்க புகார் மட்டும் இன்னும் திறந்திருக்கு சார். மேடையில நீங்க பேசிட்டீங்க."

"அது சரியாயிடுச்சும்மா," என்றார் படிப்பாளி. "நிஜமாவே."

"நிஜமா சரியானதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்ல சார். பேசாம இருந்தாத்தான் மூட முடியும். இதுக்காக இயக்குநர் சாப்பிடாம உக்காந்திருக்காரு. தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் பேசாம இருங்க சார். உங்களால முடியும்."

உலகத்தில் அவரால் நன்றாகச் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. ஒரு பெண் இவ்வளவு கெஞ்சி அதைக் கேட்டதும் இல்லை. இயக்குநருக்காக இல்லாவிட்டாலும் இந்தப் பெண்ணுக்காகச் செய்யலாம் என்று தோன்றியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் மௌனமானார். மறுமுனையில் அவள் மூச்சுக்கூட விடவில்லை.

முன்னறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பிளக்கு ஒண்ணுதான் இருக்கு. நர்சுங்க வேலை முடியற வரைக்கும் உங்க லைட்டு இல்லாம பரவாயில்லைங்களா?"

படிப்பாளி போனைப் பார்த்தார். பிரிண்டரைப் பார்த்தார். பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பரவாயில்லை என்று அவள் எடுத்துக்கொள்வாள். இங்கேயும் புகார் மூடப்படும், அங்கேயும் மூடப்படும். பிறகு அவர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

"பரவாயில்லன்னு இல்ல," என்றார் சத்தமாக. "எனக்கு இருட்டா இருக்கு. நானும் அங்க வந்து உன் லைட்லயே உக்காந்துக்கறேன். காகிதம் ஒட்டணும்னா குடு, ஒட்டறேன்."

முன்னறையில் தையல் மெஷின் ஒரு கணம் நின்றது.

"வாங்க," என்றாள் அவள்.

போனில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"போச்சு சார்," என்றாள் அந்தப் பெண். "பேசிட்டீங்க."